விளையாட்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, மைதானத்துக்கு எப்போது போவது?

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. காட்டுமன்னார்கோவில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி, திட்டக்குடி பக்கத்துக் காலனிகளிலிருந்து இந்த ஆண்டும் நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். பல வீடுகளில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவர்கள்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, உதவித்தொகைக்கு ஆன்லைன் பதிவு, ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் என்று இந்த வாரங்கள் ஓட்டமாகவே போய்விடும். தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்தே செருப்பு தேய்ந்துவிடும்.

இதே வாரங்களில்தான் வேறு சில தாள்களும் அறிவிப்புப் பலகைக்கு வருகின்றன. கல்லூரி கபடி அணிக்குத் தேர்வு, தடகள அணிக்குத் தேர்வு, இளைஞர் விழாவுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள், அறக்கட்டளைச் சொற்பொழிவு இன்ன தேதியில் இன்ன அரங்கில் என்று ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். பல இடங்களில் தாள்கூட ஒட்டுவதில்லை, ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு சரி. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? ஏற்கெனவே அணியில் இருக்கும் மாணவர்கள், அவர்களின் நண்பர்கள். வருமானச் சான்றுக்காக வரிசையில் நின்ற பிள்ளை திரும்பி வருவதற்குள் அணி முடிவாகியிருக்கும். “நீ ஏம்ப்பா அன்னைக்கே வரல?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் ஒரு வருடம் போய்விடும்.

கலை விழா, சொற்பொழிவு, விளையாட்டு என்றால் படிப்புக்கு மேலே ஒட்டிய அலங்காரம் என்று நினைப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். “ஆட்டம் பாட்டமெல்லாம் வசதியானவனுக்கு, நீ ஒழுங்கா படி” என்று சொல்லித்தான் அப்பா அம்மா பஸ் ஏற்றி விடுகிறார்கள். அவர்களின் பயம் புரிகிறது. ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கும் பாட்டத்துக்கும் உங்கள் பிள்ளையின் பெயரில் பணம் ஏற்கெனவே போயிருக்கிறது.

கல்லூரிக் கட்டண ரசீதை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். கல்விக் கட்டணம், நூலகக் கட்டணம் என்று போகும் பட்டியலில் விளையாட்டுக்கும் கலை விழாவுக்கும் சங்கத்துக்கும் என்று தனித்தனியாகச் சிறு தொகைகள் இருக்கும். பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் நெறிமுறைகளில் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து விளையாட்டு, மாணவர் சங்கம், நூலகம், கல்லூரி மலர் ஆகியவற்றுக்கான கட்டணங்களும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தன. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், கட்டாயமாகக் கட்ட வேண்டிய, திரும்பக் கிடைக்காத கட்டணங்கள் எல்லாம் இந்த உதவித்தொகையில் அடங்கும். நம் பிள்ளைகள் ஓட வேண்டும், பாட வேண்டும், கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அரசு பணம் ஒதுக்குகிறது. பணம் போய்ச் சேர்கிறது, பிள்ளை மட்டும் மைதானத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1929இல் தொடங்கி, 2013இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் பலவும் இப்போது அதனோடு இணைந்தவை. அதன் பெயரைச் சொல்வது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கிறது என்பதால்தான். இங்கே எழுதுவது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். விளையாட்டு அணி எப்படி உருவாகிறது என்பது முதலாண்டு மாணவர்கள் பலருக்கும் தெரியாததால் அதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கல்லூரி தன் அணியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த அணிகள் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் ஆடுகின்றன. அங்கே நன்றாக ஆடியவர்களிலிருந்து பல்கலைக்கழக அணியை எடுக்கிறார்கள். அந்த அணி தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்குப் போகிறது, அங்கே வென்றால் அகில இந்தியப் போட்டிக்குப் போகிறது. முதல் படியைத் தவறவிட்டவனுக்கு மற்ற எந்தப் படியும் கிடையாது. அந்த முதல் படி வருவதோ, நம் பிள்ளைக்குக் கல்லூரியில் கேன்டீன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத நாட்களில்!

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்றிதழ் சுவரில் மாட்டுவதோடு முடிந்துவிடும் தாள் இல்லை. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமன விதிகளின்படி, விதியில் பட்டியலிட்ட விளையாட்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர் குரூப் சி பணிகளுக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர். அதற்கென்றே மூன்றாம் படிவம் என்று ஒரு படிவம் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் அதில் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாடு அரசும் தன் வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்குகிறது, அதற்கான தகுதிகள் வேறு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. அண்மை ஆண்டுகளில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாயாக இருந்திருக்கிறது. அதற்கும் ஆன்லைனில்தான் பதிவு. ஆக, நம் பிள்ளை பார்க்காமல் போன அந்த ஒரு தாள், ஒரு வேலைக்கான முதல் விண்ணப்பமாகவும் இருந்திருக்கலாம்.

காலனித் தெருவில் கபடி ஆடாத பையன் யார்? அறுவடை முடிந்த வயலில், கோயில் திருவிழாவில், பொங்கலன்று ஊரோடு ஊர் மோதும் ஆட்டத்தில் காலை உடைத்துக்கொண்டு ஆடுகிறான். அதே பையன் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். ஷூ இல்லை என்பான். கேட்டால் திட்டுவார்களோ என்பான். சில இடங்களில் தேர்வுக்கு வந்தவனிடம் “எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார் கணேசன். அவர் வாழ்க்கையை ஒட்டி வந்த ‘பைசன்’ படத்தை 2025இல் நம் பிள்ளைகள் விசிலடித்துப் பார்த்தார்கள். தியேட்டரில் அடித்த விசிலோடு நின்றுவிடாமல் உடற்கல்வித் துறை வாசல்வரை போயிருக்கிறோமா என்பதுதான் என் சந்தேகம்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த கிரிக்கெட் வீரர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானத்தைப் பெருக்கும் வேலை பார்த்தார். வலைப்பயிற்சியில் அதிகாரிகளுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார், மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்கள் அணியில் ஆடியபோது களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண் கோப்பையில் வந்தது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர் அவர். அப்படியும் அணித் தலைவர் பதவி அவருக்கு அறிவிக்கப்படவே இல்லை. தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது வந்தது. இன்று மண் கோப்பை இல்லை. ஆனால் அணித் தலைவர் யார், அணி மேலாளர் யார், யார் ஆடுகிறார், யார் தண்ணீர் பாட்டில் தூக்குகிறார் என்று நம் கல்லூரி அணிகளின் படத்தைப் பார்த்து எண்ணிப் பாருங்கள்.

கலை விழாவுக்கு வருவோம். எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இது.

எந்தப் பல்கலைக்கழக விழா என்றாலும் இப்போது பறை வந்துவிடுகிறது. துணைவேந்தரோ அமைச்சரோ காரிலிருந்து இறங்கும்போது பறை அடிக்க வேண்டும், அரங்க வாசல்வரை அடித்துக்கொண்டே போக வேண்டும். விருந்தினர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்கிறது. அடித்தவர்கள் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். அழைப்பிதழில் குத்துவிளக்கு ஏற்றுபவர் பெயர் இருக்கிறது, வரவேற்புரை சொல்பவர் பெயர் இருக்கிறது, நன்றியுரை சொல்பவர் பெயரும் இருக்கிறது. பறை அடித்தவர் பெயர் இல்லை, ‘பறை இசை’ என்று மட்டும் போட்டிருக்கும். சாவு வீட்டு வாசலில் நிறுத்தியதைப் போலத்தான் இதுவும். இடம் மாறியது, நிறுத்தும் முறை மாறவில்லை.

பறை என்ன சாமானியப்பட்ட இசையா? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்று எண்ணிவரும் வரிசையில் பறையையும் வைத்திருக்கிறது. அண்ணாமலை நகரில்தான் 1941இல் தமிழிசை மாநாடு நடந்தது. தமிழில் பாடக்கூடாதா என்று கேட்டு எழுந்த அந்த இயக்கம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தமிழிசை என்ற அந்த மேடையில் பறைக்கு இடம் கிடைக்க இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆயின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே தப்பைக் கையில் எடுத்து ஆடினார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகும் பல்கலைக்கழக வாசலில் ஒரு பெயரில்லாத குழு வெயிலில் நிற்கிறது என்றால், குறை கலையில் இல்லை.

இதில் நம் பிள்ளைகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் இளைஞர் விழாக்களில் நாட்டுப்புற ஆட்டம், நாட்டுப்புற இசைக்குழு என்று தனிப் போட்டிகளே உண்டு. மண் சிற்பம், உடனடி ஓவியம், மைம், பேச்சுப்போட்டியும் உண்டு. அப்பாவும் தாத்தாவும் பறை அடித்த வீட்டிலிருந்து வரும் பையனுக்கு அடவு சொல்லித்தர வேண்டியதே இல்லை, தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றும் பதம் கைக்குத் தெரியும். ஆனால் அவன் பெயர் கொடுக்க மாட்டான். அடித்தால் ஊரில் தன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். நகரத்திலிருந்து வந்த இன்னொரு பையன் மூன்று நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு மேடையில் அடித்துப் பரிசு வாங்குவான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, யார் கற்றுக்கொண்டாலும் நல்லதுதான். அவனுக்குப் பறை ஒரு கலை, நம் பிள்ளைக்கு அது மறைத்து வைக்க வேண்டிய சாதிச் சான்று என்ற நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அழைப்பிதழில் கலைஞர் பெயரைப் போடுங்கள், ‘ஆசான்’ என்று போட்டே அச்சிடுங்கள். வாசலில் அடிக்கச் சொல்லாமல் மேடையில் அரை மணி நேரம் கொடுங்கள். மைக்கும் கொடுங்கள். அடித்து முடித்ததும் அந்த ஆசானையே பேசச் சொல்லுங்கள்: எந்தத் தோல், எந்த மரம், எந்த அடி எதற்கு, எந்த ஊரில் எதற்காக அடிக்க மறுத்தார், மறுத்ததற்கு என்ன நடந்தது. அதுவும் ஒரு சொற்பொழிவுதான். இசைத் துறை மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். பேச்சாளருக்கு என்ன மதிப்பூதியமோ அதையே அவருக்கும் கொடுங்கள், பேரம் பேசாமல்.

சொற்பொழிவு என்றதும் 1916ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டில்தான் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காலனி காலனியாகத் தேடிக் கூட்டிவந்து உட்காரவைத்த பள்ளி அது. அதே ஆண்டு மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படிப் பரவியது, எதனால் நிலைக்கிறது என்பதைப் பற்றிய கட்டுரை. வாசித்தவர் பீமராவ் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் போனவர் அவர், நம் பிள்ளைகளைப் போலவே உதவித்தொகை மாணவர். அன்று அவர் கொடுத்ததை இன்றும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து 1936இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. அச்சடித்த உரையைப் பார்த்ததும் அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். சில வாரங்களில் தீர்ந்துபோன அந்தப் புத்தகம்தான் ‘சாதி ஒழிப்பு’. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் போவானேன்? சென்னை ஐஐடியில் 2015 ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி ஒரு கூட்டம் நடந்தது, துண்டறிக்கை ஒன்று வந்தது. மே மாதம் அம்பேத்கர் - பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூன் மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு தாளுக்கு இத்தனை பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே, பல்கலைக்கழகச் சொற்பொழிவு வெறும் தூக்கம் வரும் நிகழ்ச்சி இல்லை என்பது விளங்கும்.

ஆனால் நம் ஊர்ச் சொற்பொழிவுகள் பலவும் தூக்கம் வரவழைப்பவைதான், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 14ஐத் தமிழ்நாடு அரசு 2022இல் சமத்துவ நாளாக அறிவித்தது. அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள், படத்துக்கு மாலை போடுகிறார்கள். பேச வருபவர் அம்பேத்கர் எத்தனை பட்டம் வாங்கினார் என்று அடுக்கிவிட்டு, மாணவர்கள் ஒழுக்கமாகப் படிக்க வேண்டும் என்று முடிக்கிறார். கேள்வி நேரம் இருக்காது, சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். அம்பேத்கர் 25 வயதில் செய்தது கேள்வி கேட்டதுதான். அவர் பெயரில் நடக்கும் கூட்டத்தில் ஒரு மாணவிக்கு ஒரு கேள்விக்கான இடம்கூட இல்லாமல் போவது என்ன மரியாதை? இந்த ஆண்டு எந்தச் சொற்பொழிவாக இருந்தாலும் கடைசி இருபது நிமிடத்தைக் கேள்விக்கு என்று எழுதியே அழைப்பிதழ் அச்சிட வேண்டும். கேள்வி தமிழில் இருக்கலாம் என்றும் அதில் எழுத வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கிலீஷ்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலை ஐந்து மணிக்குச் சொற்பொழிவு, ஆறரைக்குக் கலை நிகழ்ச்சி என்று வைத்தால் யார் இருப்பார்கள்? பைக் வைத்திருப்பவர்களும் நகரத்தில் வீடு உள்ளவர்களும்தான். ஊருக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டால் நம் பெண் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், பஸ் இருந்தால் அல்லவா ஏறுவதற்கு! விடுதியில் இரவுச் சாப்பாட்டு நேரம் முடிந்தபின் வரும் பிள்ளைக்குத் தட்டில் என்ன இருக்கும் என்பதை விடுதியில் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிகழ்ச்சி நாளில் விடுதிக் காப்பாளருக்கு ஒரு கடிதம் போட்டு, போய்வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்வது ஒரு துறைத் தலைவரால் செய்ய முடியாத காரியமா?

ஆகவே பல்கலைக்கழகங்களிடமும் கல்லூரிகளிடமும் கேட்பது இவ்வளவுதான். அணித் தேர்வு, கலைப் போட்டி, சொற்பொழிவு ஆகியவற்றின் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வோர் ஆதிதிராவிடர் நல விடுதிப் பலகையிலும் ஒட்டுங்கள். முதலாண்டு மாணவர்களுக்காக அணித் தேர்வை ஒருமுறை கூடுதலாக நடத்துங்கள். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக இருக்கும் கல்லூரியில் அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று எழுதி மாட்டுங்கள். பல்கலைக்கழகங்களில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உதவித்தொகைப் புகாரை மட்டும் பார்க்காமல், இந்த ஆண்டு அணிகளிலும் விழாக்களிலும் எத்தனை பட்டியல் இன, பழங்குடி மாணவர்கள் பங்கேற்றார்கள் என்றும் அது கணக்கெடுக்கட்டும். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கட்டணம். விளையாட்டுக்கென்று வசூலித்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, யாருக்காகச் செலவழித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

தம்பி, தங்கச்சிகளுக்கு ஒன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல், கல்லூரியில் படிப்பதற்கான சான்று, நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அணித் தேர்வுக்குப் போனால் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்பார்கள். போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. உண்டா, வருகைப் பதிவு குறையுமா என்று துறையில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷூ இல்லை என்றால் இல்லை என்றே போய்ச் சொல்லுங்கள், விளையாட்டுக் கட்டணம் எதற்கு வாங்கினார்கள் என்று அவர்களே யோசிக்கட்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் விடுதி அறையிலிருந்து நான்கு பேராகப் போங்கள். உடற்கல்வித் துறை வாசலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நாளைக் காலை பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். தேதி தாண்டியிருந்தாலும் உள்ளே போய், அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டுப் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.